பெட்டிக்குள் வந்த விசிறி

1981-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பர்சனல் கம்ப்யூட்டரில் இருந்த இன்டெல் 8088 பிராசசரின் தலைமேல் விசிறியும் இல்லை, அலுமினியத் தகடும் இல்லை. தன்னிடம் பிறந்த சொற்ப உஷ்ணத்தைச் சுற்றியிருந்த காற்றுக்கே தானம் செய்துவிட்டு அது தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. பெட்டியோடு வரும் கூலர் போதுமா, தனியாக ஒன்று வாங்க வேண்டுமா என்ற இன்றைய விசாரம் அந்நாளில் ஜனிப்பதற்கே ஹேது இல்லை.

5 வோல்ட்டில் ஓடி, சுமார் 15 வாட் உஷ்ணத்தை உமிழ்ந்த முதல் பென்டியம் 1993-இல் வந்தபோது அந்த நிம்மதி குலைந்தது. ஆயினும் கூலர் ஆடம்பரமல்ல, பிராணரட்சகம் என்பதை ஐயமற உணர்த்தியது ஏஎம்டியின் அத்லான்தான் என்பேன். மேல்மூடி ஏதுமின்றி வெளியே தெரிந்த அதன் சிலிக்கன் துண்டின்மீது ஹீட்சிங்கை அமர்த்தி, எஃகுக் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி சாக்கெட்டின் பல்லில் மாட்டுகையில், கை சற்றே சாய்ந்தால் சிலிக்கனின் மூலை உடையும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினாலோ மதர்போர்டின் செப்புக் கோடுகள் அறுபடும். 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தார், ஓடிக்கொண்டிருந்த கணினிகளிலிருந்து ஹீட்சிங்கைக் கழற்றிப் படம்பிடித்துக் காட்டினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அத்லான் புகைந்து மாண்டது.

2004-இல் வந்த பிரெஸ்காட் என்னும் பென்டியம் 4 வகை 115 வாட் வரை ஏறிய காலத்தில், பெட்டியோடு வந்த விசிறியின் இரைச்சலைச் சகிக்கமாட்டாதவர்கள் வேறு கூலர்களை நாடலானார்கள். 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய வெப்பக்குழாய், அதாவது அடைத்த குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு திரவம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் திரவமாகித் திரி வழியே திரும்பும் அந்த எளிய யுக்தி, மேஜைக் கணினிக்குள்ளும் குடிபுகுந்தது.

விசித்திரம் என்னவென்றால், தயாரிப்பாளர்களே பிறகு எதிரெதிர் திசையில் நடந்தார்கள். 2015-இல் இன்டெல் தனது 6700கே பிராசசரைக் கூலர் இல்லாமலே பெட்டியிலிட்டு விற்றது. ஏஎம்டியோ 65 வாட் ரைசன் 5 5600எக்ஸுடன் ரெய்த் ஸ்டெல்த் என்னும் சிறு கூலரைச் சேர்த்தே 2020-இல் கொடுத்தது. 2022-இல் வந்த ரைசன் 7000 வரிசையின் உயர்ரகங்களோ, கடும் வேலையின்போது 95 டிகிரியைத் தொடும்படியே வகுக்கப்பட்டவை. ஆகவே இப்போது பெரிய கூலர் காப்பாற்றுவது சில்லின் உயிரையல்ல, அதன் வேகத்தையும் நம் காதையும்தான்.

சிறிய 65 வாட் பிராசசர் வாங்கினவர், முதலில் பெட்டிக் கூலரையே பூட்டி, ஒரு மணி நேரம் வீடியோ மாற்றும் வேலையைக் கொடுத்து, கிளாக் வேகம் சரிகிறதா என்று பார்ப்பதே உசிதம் என்று எனக்குப் படுகிறது. எந்தக் காற்றுக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காதாகையால், இச்சோதனையைச் சித்திரை மாதப் பிற்பகலில் செய்வது இன்னும் நல்லது. ஆனால் ரெய்த் ஸ்டெல்த்தின் அடியில் தொழிற்சாலையிலேயே தடவி அனுப்பிய சாம்பல்நிறப் பேஸ்ட் ஒருமுறை பொருத்துவதற்கு மட்டுமே. ஆவலில் கழற்றிப் பார்த்தவர், பழையதைத் துடைத்துவிட்டுப் புதிய டியூப் ஒன்றுக்குக் கடைக்குப் போக வேண்டியதுதான்.