மூக்கை அளந்த மருத்துவரும் மருத்துவராக விரும்பும் நம் பிள்ளைகளும்

மருத்துவம் படிக்க வேண்டும் என்று சொல்லும் பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். கூடவே வழிகாட்டியாக ஒரு மருத்துவரும் வருவார். சேரியிலிருந்து படித்து வந்த முதல் தலைமுறை மருத்துவராக அவர் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். "மருத்துவமனையைக் காட்டாமல் செத்த மிருகங்களையும் சிலைகளையும் காட்டி என்ன ஆகப்போகிறது?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்தக் கட்டடத்துக்கும் மருத்துவத்துக்கும் நம் உடம்புக்கும் உள்ள உறவு தெரியாததால் வரும் கேள்வி இது.

1851 இல் அந்த அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்று நடத்தத் தொடங்கியவர் எட்வர்ட் பால்ஃபர். அவர் ஒரு மருத்துவர். 1875 இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பெண்கள் சேர்க்கப்பட்டதற்குத் துணை நின்றவரும் அவரே. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்கிறோம். வெள்ளை அதிகாரி என்பதற்காக நல்லதை விழுங்கிவிட வேண்டியதில்லை.

ஆனால் அதிக நேரம் நாம் நின்று பேச வேண்டியவர் எட்கர் தர்ஸ்டன். இவரும் மருத்துவம் படித்தவர்தான். 1885 முதல் 1908 வரை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தார். அதே காலத்தில் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியலும் கற்பித்தார். ஒரு கையில் மருத்துவக் கல்லூரி, மறு கையில் அருங்காட்சியகம். இரண்டுக்கும் நடுவில் அவர் பிடித்திருந்தது ஓர் அளவுகோல். பறையர், பள்ளர், பணியர், இருளர், பார்ப்பனர் என்று வகைப்படுத்தித் தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம் எல்லாவற்றையும் அளந்தார். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது 'மூக்குக் குறியெண்'. வங்காளத்தில் இதே வேலையைச் செய்த ரிஸ்லி, மூக்கு அகலமாக அகலமாகச் சாதி தாழ்ந்துகொண்டே போகிறது என்று எழுதினார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பொறுப்பாளராக இருந்தவரும் அவர்தான். மனு சொன்னதை இவர்கள் எலும்பில் தேடினார்கள்.

வயநாட்டில் தர்ஸ்டன் போய் நின்றபோது பணியர் பெண்கள் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களாகப் பார்த்துப் பிடித்துப் போய், பஞ்சடைத்து மதராஸ் மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்ற பயமாம். இதை அவரே வேடிக்கைபோல எழுதி வைத்திருக்கிறார். பஞ்சடைத்த விலங்குகளை இன்றும் அங்கே பார்க்கலாம். அவற்றின் முன்னால் பிள்ளைகளை நிறுத்தி இந்தக் கதையைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. பண்ணையடிமையாக விற்கப்பட்ட மக்களுக்கு, துரை ஒருவர் கருவிகளோடு வந்து நின்றால் வேறென்ன தோன்றும்? அறியாமையால் வந்த பயம் என்று அதை நாம் ஒதுக்கிவிட முடியாது. கூட வரும் மருத்துவர் இந்த இடத்தில்தான் நோயாளியைத் தொடுவதற்கு முன் ஏன் கேட்க வேண்டும், எதற்காகத் தொடுகிறோம் என்று ஏன் சொல்ல வேண்டும் என்பதைப் பேசுவார்.

அந்த அளவுகளெல்லாம் 1909 இல் ஏழு தொகுதிகளாக வந்தன. 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்று தமிழிலும் கிடைக்கிறது. இன்று தங்கள் சாதிப் பெருமைக்கு அதையே சான்று காட்டுகிற சங்கங்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

இந்த அளவுகோலைத் திருப்பிப் பிடித்தவர் புரட்சியாளர் அம்பேத்கர். 1948 இல் வெளியான தீண்டப்படாதார் பற்றிய நூலில், சாதிகளின் மூக்களவுகளை எடுத்து வைத்தே, பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் வேறு வேறு இனம் என்ற கூற்றை உடைத்தார். தீண்டாமைக்கான காரணத்தை உடம்பில் தேடாதே, வரலாற்றில் தேடு என்பதே அவருடைய வாதம். உயிரியல் படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1836 இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்ததை இந்திய மருத்துவத்தின் பெரும் துணிச்சலாகக் கொண்டாடுகிறார்கள். அதற்காகக் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகவும் சொல்வார்கள். உயர்த்தப்பட்ட சாதிக்காரர் ஒருவர் பிணத்தைத் தொட்டது அவ்வளவு பெரிய செய்தி. தலைமுறை தலைமுறையாகப் பிணம் சுமந்தவர்களுக்கும் சுடுகாட்டில் நின்றவர்களுக்கும் எந்தக் கோட்டையில் குண்டு முழங்கியது? இன்றும் எத்தனையோ பிணவறைகளில் கத்தியும் ரம்பமும் பிடிப்பது நம் ஆட்களின் கை. அறிக்கையில் கையெழுத்திடுவது மருத்துவர். அப்படிப் பிணவறையில் வேலை பார்க்கும் அப்பாவின் மகள் ஒருத்தி எங்கள் குழுவில் வந்தாள். மண்டை ஓட்டின் எலும்புகள் பொருந்தும் கோடுகளைப் பற்றி மருத்துவர் பேசத் தொடங்கியதும், அப்பாவிடம் கேட்டதாக அவள் சொன்ன விவரங்கள் பாடநூலில் இருப்பவற்றைவிடத் துல்லியமாக இருந்தன. மருத்துவர் எழுதிக்கொண்டார்.

உள்ளே நுழைவதற்கான சண்டையும் மருத்துவக் கல்லூரி வாசலில்தான் நடந்தது. மதராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி 14 இடங்களில் 2 இடம் நமக்கு. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. பெரியாரின் இயக்கம் தெருவில் இறங்கியது. அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டம் முதல் முறையாகத் திருத்தப்பட்டு 15(4) வந்தது. பிறகு நீட் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 1176 மதிப்பெண் எடுத்த அரியலூர் அனிதாவை 2017 இல் இழந்தோம். 2020 இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது.

அதனால் சுற்றிப் பார்த்து முடித்ததும் மரத்தடியில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் காகிதங்களைப் பற்றிப் பேசுகிறோம். 7.5 விழுக்காட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவித்தொகை கிடைக்கிறதே என்று நடுவில் தனியார் பள்ளிக்கு மாறினால் அது போய்விடும். சாதிச் சான்றிதழில் பெயரின் எழுத்துகள் பள்ளிச் சான்றிதழோடு ஒத்திருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். கலந்தாய்வு நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓட முடியாது.