காப்பார்: ஒரு தொகுதியின் வரலாறு

தேர்தல் காலத்தில் நாம் நாள்தோறும் ஒலிக்கும் சொற்களுள் ஒன்று 'தொகுதி'. அதன் வேர் 'தொகு' என்னும் வினை. கூடு, திரள், ஒன்றுசேர் என்பன அதன் பொருள். எனவே தமிழ்ச்சொல் முதலில் சுட்டுவது ஒருங்கே திரண்ட மக்களையே. மலாய்ப் பேச்சுவழக்கில் இதே பொருளுக்குக் 'காவாசான்' என்கிறோம். அச்சொல் சுட்டுவது நிலப்பரப்பை. ஒரே பொருளை ஒரு மொழி மக்கள் வழியாகவும் மற்றொரு மொழி மண் வழியாகவும் நோக்குகின்றது. சிலாங்கூர் மாநிலத்தின் காப்பார் நாடாளுமன்றத் தொகுதியை ஆராயப் புகும் நமக்கு இவ்வேறுபாடு நல்லதொரு திறவுகோல். இத்தொகுதியின் வரலாறு முழுவதிலும் எண்ணப்பட வேண்டியது நிலமா, மக்களா என்னும் வினா ஊடாடி நிற்கின்றது.

நிலத்தின் தோற்றம்

கிள்ளான் நகரிலிருந்து ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே கோலசிலாங்கூர் நோக்கிச் சென்றால் இடையில் வருவது காப்பார். மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே மேரு. கடலோரத்தில் மீனவர் குடியிருப்புகளும், உள்நிலத்தில் சாவக வழியினர் குடியேறி உருவாக்கிய மலாய்க் கிராமங்களும், சீனர் கடைவரிசைகளும், தோட்டங்களும் அமைந்த வட்டாரம் இது. நாட்டின் பெரிய அனல்மின் நிலையங்களுள் ஒன்றான சுல்தான் சலாவுதீன் அப்துல் அசீஸ் ஷா மின்நிலையமும் இங்கேயே உள்ளது.

இவ்வட்டாரத்தை உலக வணிகத்தோடு பிணைத்தவை தொடர்வண்டியும் துறைமுகமும் ஆகும். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை இருப்புப்பாதை வந்தது. 1901-இல் இன்றைய கிள்ளான் துறைமுகம், போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்டது. அதன்பின் கிள்ளானைச் சூழ்ந்த காடுகள் விரைவாகப் பால்மரத் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்கு உழைப்பாளரைக் கொணர்ந்தது கங்காணி முறை. 1907-ஆம் ஆண்டின் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் அவ்வரவுக்குப் பொருள்வழி அமைத்தது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை அவ்வழி திறந்தே இருந்தது.

தோட்டம் என்னும் தொகுதி

வாக்குப்பெட்டி வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மக்கள் தொகுக்கப்பட்டிருந்தனர். லயம், பெரட்டுக்களம், கோயில், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் ஆகியவை ஒரு வேலிக்குள் அடங்கின. கிராணியார் வீடும் துரை வங்களாவும் மேட்டில் நின்றன. எந்த ஊர் என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்வதே வழக்கம். மாவட்டத்தின் பெயரும் மாநிலத்தின் பெயரும் அடுத்தே வந்தன.

அவ்வேலியைக் கடந்து மக்கள் தாமாகவே ஒன்றுதிரண்ட நிகழ்ச்சி 1941-இல் நடந்தது. 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தோட்டத் தொழிலாளரின் கோரிக்கைகளை முன்வைத்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு, மேலாளர் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழித்தலும் அவற்றுள் ஒன்று. கூலிக் கோரிக்கையோடு தன்மானக் கோரிக்கையும் ஒரே தாளில் இடம்பெற்றமை கருதத்தக்கது. மே மாதத்தில் நாதன் கைதுசெய்யப்பட்டார், வேலைநிறுத்தம் பரவியது, படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். வாக்குரிமை இல்லாத மக்கள் தம் குரலை எண்ணச் செய்ய முயன்ற முதல் பெருமுயற்சிகளுள் ஒன்றாக இதனை நாம் கொள்ளலாம்.

பெயர் மறைந்து மீண்டமை

1955-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தேர்தலில் இருந்த தொகுதிகள் 52. விடுதலைக்குப் பின் நடந்த 1959 தேர்தலுக்காக அவை ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு 104 ஆயின. அப்பிரிவில் காப்பார் தனித் தொகுதியாகத் தோன்றியது. அதன் சார்பில் அவையில் அமர்ந்தவர் கூட்டணிக் கட்சியின் ஹம்சா பின் அலாங்.

1974 தேர்தலுக்கு முந்திய எல்லைச் சீரமைப்பில் காப்பார் என்னும் பெயர் நாடாளுமன்றப் பட்டியலிலிருந்து மறைந்தது. பெலாபுஹான் கிள்ளான் என்னும் தொகுதி அமைந்தது. 1986 தேர்தலில் காப்பார் மீண்டும் வந்தது. அவ்வாண்டு மலேசிய இந்தியர் காங்கிரசின் டி. பி. விஜேந்திரன் வென்று, மக்களவைத் துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றார். 2004-இல் அக்கட்சியின் கோமளா தேவி வென்றார். தேசிய முன்னணியின் பங்கீட்டில் இது ம.இ.கா.வுக்குரிய தொகுதியாகவே எண்ணப்பட்டது.

2007 நவம்பர் 25-ஆம் நாள் கோலாலம்பூரில் இண்ட்ராஃப் பேரணி நடைபெற்றது. அடுத்த மார்ச் 8-ஆம் நாளின் பொதுத்தேர்தலில் ம.இ.கா. தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். காப்பாரில் மக்கள் நீதிக் கட்சியின் எஸ். மாணிக்கவாசகம் வென்றார். 2013-இல் அதே கட்சியின் ஜி. மணிவண்ணனும், 2018-இல் அப்துல்லா சானி அப்துல் ஹமீதும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2022 நவம்பரில் பாஸ் கட்சியின் ஹலிமா அலி வெற்றி பெற்றார். ஐந்து பொதுத்தேர்தல்களுக்குள் ஒரே ஊர் மூன்று கட்சிகளுக்கு வாக்களித்துள்ளது.

ஒரு வாக்கின் எடை

கட்சி மாற்றங்களைவிட நம் கருத்தை மிகுதியும் ஈர்ப்பது எண்ணிக்கை. 2008-இல் காப்பாரின் வாக்காளர் 112,224 பேர். புத்ராஜெயாவில் 6,608 பேர். இரு தொகுதிகளுக்கும் உறுப்பினர் ஒருவரே. ஆகவே புத்ராஜெயாவின் ஒரு வாக்குக்குக் காப்பாரின் 17 வாக்குகள் ஈடாயின. 2013-இல் காப்பாரின் எண்ணிக்கை 144,159 ஆகி, நாட்டிலேயே மிகப் பெரிய தொகுதியாக அது நின்றது. புத்ராஜெயாவில் அப்போது 15,791 பேர். விகிதம் ஒன்பது மடங்காகக் குறைந்தது. அநீதியின் அளவு குறைந்ததேயன்றி அது நீங்கவில்லை.

இது எவ்வாறு நேர்ந்தது? விடை அரசமைப்புச் சட்டத்தில் உள்ளது. 1957-இன் மூல விதிப்படி ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகலாகாது. 1962-இன் திருத்தம், நாட்டுப்புறத் தொகுதியில் நகர்ப்புறத் தொகுதியின் பாதி அளவு வாக்காளர் இருந்தாலே போதும் என்றது. 1973-இல் அந்தப் பாதி என்னும் வரம்பும் நீக்கப்பட்டது. இன்று பதின்மூன்றாம் அட்டவணையில் எஞ்சியிருப்பது, எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக இருத்தல் வேண்டும் என்னும் பொதுநெறியும், நாட்டுப்புறங்களில் வாக்காளரைச் சென்றடைவது கடினம் ஆதலால் பரப்பளவுக்கு ஓரளவு எடை தரலாம் என்னும் விலக்குமே. 'ஓரளவு' என்பது எவ்வளவு என்று சட்டம் கூறவில்லை.

இவ்விதி நாட்டை நகர்ப்புறம், நாட்டுப்புறம் என்று இரண்டாகப் பகுத்து நோக்குகின்றது. காப்பார் இவ்விரண்டிலும் அடங்காது. செம்பனையும் வாய்க்காலும் கிராமமும் உடைய அதன் தோற்றம் நாட்டுப்புறத்துக்கு உரியது. அதன் மக்களோ விடியுமுன் மோட்டார் சைக்கிளிலும் தொழிற்சாலைப் பேருந்திலும் புறப்பட்டு, கிள்ளான், ஷா ஆலாம், துறைமுகம், கோலாலம்பூர் ஆகிய இடங்களில் உழைத்து, இருட்டிய பின் திரும்புகின்றனர். பயணியர் தொடர்வண்டி கிள்ளான் நகரைத் தொட்டுத் துறைமுகம் செல்கின்றது. காப்பாருக்கு அது வருவதில்லை. நாட்டுப்புறத்தின் வசதிக் குறைவும் நகரத்தின் மக்கள் நெருக்கமும் ஒருசேர வாய்த்த இடைநிலமாகவே நாம் இதனைக் காண்கின்றோம். வாக்கின் எடை குறைந்தது இத்தகைய இடைநிலத்திலேயே.

இந்தியாவிலும் இவ்வினா எழுந்துள்ளது. அங்கே மாநிலங்களுக்குரிய மக்களவை இடங்கள் 1971-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கோடு நிறுத்திவைக்கப்பட்டன. தமிழ்நாட்டுக்குரிய 39 இடங்கள் இன்றும் அக்கணக்கின்படியே உள்ளன. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலம் இடங்களை இழக்கலாகாது என்பது அங்குள்ள வாதம். எண்ணிக்கையை மட்டும் அளவாகக் கொள்வதும் எளிதன்று என்பதனை அது உணர்த்துகின்றது.

2018: எல்லை மாறியது

2018 மார்ச் 28-ஆம் நாள் புதிய எல்லைகள் மக்களவையில் ஏற்கப்பட்டன. மே 9-ஆம் நாள் தேர்தல் நடந்தது. முன்னர் மேரு, செமெந்தா, சுங்கை பினாங் என்னும் சட்டமன்றத் தொகுதிகள் காப்பாரில் இருந்தன. புதிய வரைபடத்தில் சுங்கை பினாங் நீங்கிக் கிள்ளான் பக்கம் சென்றது. அங்கிருந்து செலாட் கிள்ளான் காப்பாருக்கு வந்தது. காப்பாரின் எண்ணிக்கை குறைந்து, கிள்ளானின் எண்ணிக்கை உயர்ந்தது. இனவாரியான விகிதங்களும் இரு தொகுதிகளிலும் மாறின. காப்பாரில் தமிழரின் பங்கு சுருங்கியது.

நாட்டின் ஏற்றத்தாழ்வு இதனால் தீரவில்லை. மிகப் பெரிய தொகுதி என்னும் பெயர் பாங்கிக்குச் சென்றது. 18 வயதில் வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்த பின், 2022-இல் பாங்கியின் வாக்காளர் 3 இலட்சத்தைக் கடந்தனர். சரவாக்கின் ஈகானில் 30,000 பேரும் இல்லை.

தொகும்போது மறைவன

'தொகை' என்பதற்கு இலக்கணத்தில் இன்னொரு பொருளும் உண்டு என்பதனை மாணவர் அறிவர். 'பால்மரம்' என்பது பாலைத் தரும் மரம். சொற்கள் கூடும்போது உருபும் பயனும் மறைந்துவிடுகின்றன. அம்மறைவையே தொகுதல் என்கிறோம். தேர்தல் தொகுதியிலும் அவ்வாறே சில மறைகின்றன. எல்லை வகுக்கும்போது உள்ளூர்ப் பிணைப்புகளைப் பேணுதல் வேண்டும் என்றும் பதின்மூன்றாம் அட்டவணை கூறுகின்றது. தோட்டத் தமிழரின் பிணைப்பு லயத்திலும் கோயிலிலும் பள்ளியிலும் இருந்தது. பால்மரம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்பு நிலமாகியபோது, அம்மக்கள் பல தாமான்களுக்கும் அடுக்ககங்களுக்கும் சிதறினர். சிதறியவரின் பிணைப்பை எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

ஆயினும் ஓரிடத்தில் அஃது எழுத்தில் நிற்கின்றது. ஜாலான் அக்கோப் தோட்டத் தமிழ்ப்பள்ளி, புக்கிட் ராஜா தோட்டத் தமிழ்ப்பள்ளி, நார்த் ஹம்மோக் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்னும் பெயர்களை நோக்குக. அங்குப் பயிலும் சிறாருள் பெரும்பாலோர் இன்று தோட்டத்தில் வாழ்பவர் அல்லர். 'தோட்டம்' என்னும் சொல் மட்டும் பெயர்ப்பலகையில் எஞ்சி, மறைந்த ஒரு தொகுதியைச் சுட்டிக்கொண்டிருக்கின்றது.

ஆசிரியர்களுக்கு நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். உங்கள் மாணவர் தம் தாத்தா பாட்டியிடம் சென்று அவர்கள் பிறந்த தோட்டத்தின் பெயர், மக்கள் அதனை வழங்கிய தமிழ்ப்பெயர், அங்கிருந்து பெயர்ந்த ஆண்டு, இன்று வாக்களிக்கும் இடம் ஆகிய நான்கையும் கேட்டு எழுதட்டும். அக்குறிப்புகளைப் பள்ளி நூலகத்தில் சேர்த்து வையுங்கள். அடுத்த எல்லைச் சீரமைப்பின்போது தேர்தல் ஆணையம் பொதுமக்களின் மறுப்புரைகளைக் கேட்கும். உள்ளூர்ப் பிணைப்பு எங்கே இருந்தது, எவ்வாறு அறுந்தது, எங்கே மீண்டும் முளைத்தது என்பதனைச் சான்றுடன் எடுத்துரைக்க அன்று நம்மிடம் ஏடு இருத்தல் வேண்டும்.