பொப் பார்க்கரை எப்படி நினைவில் வைப்பது?

எங்களில் கன பேருக்கு பொப் பார்க்கரின் முகம் தெரிந்தது 1996 இல் வந்த ‘ஹப்பி கில்மோர்’ படத்தாலதான். கோல்ஃப் மைதானத்தில் அடம் சாண்ட்லரைப் போட்டு மொத்துவாரே, அந்த நரைமுடி மனுசன். அமெரிக்கர்களுக்கோ அவர் பகல்நேரத் தொலைக்காட்சியின் முகம்.

‘த பிரைஸ் இஸ் ரைட்’ முதலில் 1956 முதல் 1965 வரை பில் கலன் நடத்திய நிகழ்ச்சி. 1972 செப்டெம்பரில் சீபீஎஸ் அதைப் புதுப்பித்தபோது பார்க்கர் வந்தார். 2007 ஜூன் வரை நகரவில்லை. விளையாட்டு சிம்பிள்: ஒரு பொருளின் விலையைச் சொல்ல வேண்டும், உண்மை விலையைத் தாண்டாமல் ஆகக் கிட்டச் சொல்பவருக்கு வெற்றி. பொது அறிவுப் போட்டிகளில் படித்தவன்தான் வெல்லுவான். இங்கே கடைக்குப் போய் விலை பார்த்து வாங்குகிற அம்மாவுக்கும் இடமிருந்தது. அந்த நிகழ்ச்சி இவ்வளவு காலம் நின்றதுக்கு எங்களுக்குப் படுகிற காரணம் இதுதான்.

அந்தப் புகழை அவர் மிருகங்களுக்காகச் செலவழித்தார். செல்லப் பிராணிகளுக்குக் கருத்தடை செய்யுங்கோ எண்டு சொல்லித்தான் நிகழ்ச்சியை முடிப்பார். பரிசுப் பட்டியலில் மிருகத் தோல் கோட் இருந்ததால் மிஸ் யூஎஸ்ஏ, மிஸ் யூனிவர்ஸ் மேடைகளை விட்டே விலகினார். 2010 இல் திமிங்கில வேட்டையைத் தடுக்கிற ‘சீ ஷெப்பர்ட்’ அமைப்புக்கு 50 இலட்சம் டொலர் கொடுத்தார். அதில் வாங்கிய கப்பலுக்கு அவருடைய பெயர்.

ஆனால் பரிசுப் பொருட்களைக் காட்டுகிற பெண்களுக்கும் அவருடைய பெயர்தான் ஒட்டப்பட்டிருந்தது: ‘பார்க்கரின் அழகிகள்’. அவர்களில் ஒருவரான டயன் பார்க்கின்சன் 1994 இல் பாலியல் துன்புறுத்தல் வழக்குப் போட்டார். உறவு இருந்தது உண்மை, இருவர் விருப்பத்தோடதான் என்றார் பார்க்கர். அடுத்த வருசம் வழக்கு மீளப் பெறப்பட்டது. அதே 1995 இல் ஹொலி ஹோல்ஸ்ட்ரம் வேலை இழந்தார். உடம்பு வைத்ததையும், பார்க்கின்சனுக்கு எதிராகப் பேச மறுத்ததையும் அவர் காரணமாகச் சொன்னார். பார்க்கர் மறுத்து, அவதூறு வழக்குப் போட்டார். ஹோல்ஸ்ட்ரம் எதிர்வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிய 2005 ஆகிவிட்டது. ஒரு மொடலுக்குப் பத்து வருசம் என்றால் முழுத் தொழில் வாழ்க்கையும்தான்.

வழக்கு மீளப் பெறப்பட்டதால் ஒண்டுமே நடக்கேல்லை எண்டு சொல்ல நாங்கள் தயாரில்லை. குற்றம் நிரூபணமானது எண்டும் சொல்ல முடியாது. ஆனால் ‘விருப்பத்தோட’ என்ற அந்தச் சொல்லை இண்டைக்கு அப்படியே விழுங்கவும் ஏலாது. பார்க்கர் சும்மா அறிவிப்பாளர் இல்லை, நிகழ்ச்சியின் நிர்வாகத் தயாரிப்பாளரும் கூட. அந்த நிலையில் இருக்கிறவருக்கு ஒரு மொடல் ‘இல்லை’ எண்டு சொன்னால் அடுத்த மாதம் வேலை இருக்குமோ?

2007 ஒக்டோபரில் நகைச்சுவை நடிகர் ட்ரூ கேரி வந்தார். பார்க்கரைப் போல நடிக்க அவர் முயலவில்லை. கொஞ்சம் தடுமாற்றம், நிறையச் சிரிப்பு. ஆனால் கருத்தடை வேண்டுகோளை மட்டும் கைவிடவில்லை. 2012 இல் ஆண் மொடல் ஒருவரும் மேடையேறினார். பார்க்கரின் பெயர் ஒட்டிய அந்தப் பழைய பட்டம் அப்போது வழக்கில் இல்லை.

2023 ஓகஸ்டில் பார்க்கர் இறந்தார், வயது 99. அஞ்சலிகளில் நாய்க்குட்டிகள் தாராளமாக வந்தன. பார்க்கின்சனும் ஹோல்ஸ்ட்ரமும் வந்திருந்தால், பெரும்பாலும் ‘சர்ச்சைகள்’ என்ற ஒரு பந்திக்குள்ளதான்.