உறையில்லாத குரல்

இசைக்கலைஞனின் முகமும் இசையின் சரித்திரத்தில் சேரும் என்பதை எனக்கு உணர்த்தியவை ஜாஸ் இசைத்தட்டுகளின் உறைகள். 1939ல் நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் லயன் தொடங்கிய ப்ளூ நோட் கம்பெனியில், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த அவருடைய பழைய நண்பர் ஃப்ரான்ஸிஸ் வுல்ஃப் கூட்டாளியாகச் சேர்ந்தார். ஒலிப்பதிவு நடக்கும்போதே காமிராவுடன் உள்ளே நிற்பவர் அவர். ஒத்திகைக்கும் ஊதியம் கொடுத்த கம்பெனி அது. எனவே இசைஞர்கள் அவசரமின்றி வேலை செய்தார்கள், வுல்ஃபும் அவசரமின்றிப் படமெடுத்தார். வியர்வை, சிகரெட் புகை, அடுத்த சுரத்தை யோசிக்கும் நெற்றி: வேலையிலிருக்கும் மனிதன் உறைக்கு வந்தான். அந்தப் படங்களைத் தயக்கமின்றி வெட்டி, எழுத்தோடு இணைத்து உறையாக்கிய ரீட் மைல்ஸுக்கு ஜாஸ் அவ்வளவாகப் பிடிக்காது என்பது வேடிக்கை.

1958ல் அமெரிக்க அரசு அனுப்பிய டேவ் ப்ரூபெக் குழு இந்தியா வந்தது. சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டது. ஊர் திரும்பியதும் அப்பயணம் 'ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா' என்ற தட்டாயிற்று. வந்து போனவர்களிடம் தட்டு இருந்தது, உறை இருந்தது, ஆகவே சரித்திரமும் இருந்தது.

அதே 1958ல் தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளரிடையே பாடினார் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறிய குரல் அது. சினிமா மெட்டில் அரசியல் வரிகளைப் போட்டு, கூட்டத்தைப் பார்த்து அங்கேயே மாற்றிப் பாடும் கலை. தம்பிகள் பின்னால் பக்கவாத்தியத்துக்கு வந்தார்கள். மேடை, ஒலிபெருக்கி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் இவ்வளவுதான் அதன் சாதனங்கள். விற்பதற்கென்று எதுவும் இல்லாத இசைக்கு விளம்பரப் படமும் தேவைப்படவில்லை. பத்திரிகைகளில் பிற்பாடு வந்த சில பழைய படங்களில் பாவலர் சகோதரர்கள் தெரிகிறார்கள், பாட்டு தெரியவில்லை.

1976ல் 'அன்னக்கிளி' வந்தபோது அண்ணன் உயிரோடு இல்லை. தம்பி இளையராஜாவின் பாட்டுகள் தட்டாயின. ஆனால் தமிழ் சினிமா இசைத்தட்டின் உறை பொதுவாக நடிகருக்குச் சொந்தம். கதாநாயகி சிரிப்பாள், இசையமைத்தவர் எழுத்தில் இருப்பார், வாசித்தவர்கள் எழுத்திலும் இருக்கமாட்டார்கள். கிதார் சதானந்தம், பியானோ விஜி மானுவல், டிரம்ஸ் புருஷோத்தமன் ஆகியோரின் கைகளை லட்சக்கணக்கானோர் கேட்டிருக்கிறார்கள். முகத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? எண்பதுகளில் சுவரொட்டிகளில் நடிகரோடு இளையராஜாவின் முகமும் அச்சாயிற்று. அது ஒரு வெற்றிதான். ஆனால் அது வியாபார முத்திரையாகிவிட்ட முகம்; வுல்ஃப் எடுத்த, வேலையிலிருக்கும் முகம் அல்ல. 1986ல் 'ஹௌ டு நேம் இட்', 1988ல் 'நத்திங் பட் விண்ட்' ஆகியவை நடிகர் யாருமில்லாத தட்டுகள். தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பிக்கப்பட்ட முன்னதில் வி. எஸ். நரசிம்மனின் வயலினும், பின்னதில் ஹரிபிரசாத் சௌராஸியாவின் புல்லாங்குழலும் பெயரோடு வந்தன. வாசிப்பவனுக்குப் பெயர் கிடைக்க, தட்டு சினிமாவைவிட்டு வெளியே வரவேண்டியிருந்தது.

இதைத் தொழில்நுட்பக் குறை என்று சொல்லிவிட முடியாது. சென்னையில் ஸ்டில் போட்டோகிராபர்களுக்குப் பஞ்சமில்லை. சபா வித்வான்களின் படங்கள் மலர்களிலும் நிகழ்ச்சி நிரல்களிலும் வந்துகொண்டுதானிருந்தன. யாரைப் படமெடுக்கத் தகுந்த கலைஞனாகக் கருதுகிறோம் என்பதில் நம் சமூகத்தின் முழுத் தரவரிசையும் ஒளிந்திருக்கிறது. சேரியிலிருந்து வந்து கட்சி மேடையில் பாடியவனும், ஸ்டுடியோவில் நாள்கூலிக்கு வாசித்தவனும் அந்த வரிசைக்கு வெளியே நின்றார்கள்.

பண்ணைப்புரத்தின் இசைச் சரித்திரத்தை 1976லிருந்து தொடங்குவது வசதியானது; அங்கிருந்துதான் உறைகள் கிடைக்கின்றன. உறைகள் கிடைக்குமிடத்தில் சரித்திரத்தைத் தொடங்குகிறவன் கம்பெனியின் சரித்திரத்தைத்தான் எழுதுவான்.