பாண்டிய நாட்டுக் குதிரைகளும் பந்தயப் பணமும்

மதுரையில் ரேஸ் கோர்ஸ் என்றால் இன்று எவருக்கும் குதிரை நினைவுக்கு வருவதில்லை. எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கமும், அதையொட்டிய குடியிருப்பும்தான் நினைவுக்கு வரும். குதிரை போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. ஆயினும் இந்நகருக்கும் குதிரைக்கும் உள்ள உறவு அந்த ஆங்கிலச் சொல்லோடு தொடங்கியதன்று.

பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மதுரைக்காஞ்சியே கப்பலில் வந்திறங்கிய புரவிகளைக் குறிப்பிடுகிறது. அரசன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை அமைச்சர் மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவிட்டார் என்பது சைவ மரபுக் கதை. நரி பரியான நிகழ்ச்சி ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் மதுரையில் நடத்தப்படுகிறது. அதில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வரலாறு பயில்வோர் அக்கதையைத் தள்ளிவிடலாகாது. பாண்டியர் கருவூலத்திலிருந்து குதிரைக்காகப் பெரும்பொருள் வெளியேறியது என்பதும், குதிரை கடற்கரையில் வாங்கப்பட்டது என்பதும் அக்கதையைச் சொன்னவர்களுக்கு இயல்பான செய்திகளாக இருந்திருக்கின்றன.

அந்தக் கடற்கரையில் விற்றவர்களுள் நம்மவரும் இருந்தனர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலம். பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் அதிபர் மாலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் அத்தீபீ. அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனிடம் அமைச்சராகவும், காயல் உள்ளிட்ட துறைமுகங்களின் அதிகாரியாகவும் விளங்கினார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இந்த வணிகத்தின் கணக்கைப் பதிவுசெய்துள்ளார். ஜமாலுத்தீனுடைய குதிரைகளிலிருந்து ஆண்டுக்கு 1,400. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார். பெருக்கிப் பார்த்தால் ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சம் தீனாருக்கு மேல் வருகிறது.

நம் மேடைகளில் இச்செய்தி பெருமையாகச் சொல்லப்படுகிறது. பெருமை இருக்கவே செய்கிறது. ஆனால் வஸ்ஸாஃப் அடுத்து எழுதியதை எவரும் சொல்வதில்லை. குதிரை இறந்துபோனாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே செலுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். இது கப்பலில் இறந்த குதிரையையும் உள்ளடக்குமானால், மார்க்கச் சட்டம் பயின்ற எவரும் இங்கே சற்று நிற்க வேண்டும். விற்ற பொருள் ஒப்படைப்பதற்கு முன் அழிந்தால் இழப்பு விற்றவருடையது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் நூல்களிலும் நாம் கற்பிக்கும் பாடம். தன் பொறுப்பில் இல்லாத பொருளில் இலாபம் ஈட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடைசெய்தார்கள்.

1290களில் இங்கு வந்த மார்க்கோ போலோவின் குறிப்பு இன்னும் கசப்பானது. ஐந்து சகோதர மன்னர்களும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினர். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். தட்பவெப்பமும் பராமரிப்பு அறியாமையும் ஒரு காரணம். குதிரைக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துக் கொடுத்தனராம். இலாடம் அடிப்போரும் மருத்துவம் அறிந்தோரும் இங்கே வராமல் வணிகர்களே தடுத்தனர், குதிரை இறக்க இறக்கத்தான் புதிய குதிரை விற்கும் என்பதால், என்றும் அவர் எழுதுகிறார். அவர் எண்ணிக்கையைப் பெருக்கிக் கூறும் இயல்புடையவர். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு துறைமுகப் பேச்சு என்று பிரித்தறிவது கடினம். ஆனால் தம் மேலாடையால் குதிரையின் முகத்தைத் துடைத்துவிட்ட நபி (ஸல்) அவர்களைப் பற்றி இமாம் மாலிக் முவத்தாவில் பதிவுசெய்திருக்கிறார்கள். அதைப் படித்த கண்களால் இதைப் படிப்பது எளிதாக இல்லை.

குதிரையோடு நமக்குள்ள தொடர்பு வணிகத்தோடு முடிந்துவிடவில்லை. மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரங்களில் பரவலாக வாழும் இராவுத்தர்களின் பட்டப்பெயருக்கே குதிரைவீரன் என்பது பொருள். மயிலேறிய முருகனை அருணகிரிநாதர் இச்சொல்லால் அழைத்தார் என்பதைத் தமிழாசிரியர்கள் நமக்கு நினைவூட்டுவார்கள்.

இப்போது பந்தயத்துக்கு வருவோம். குதிரை ஓட்டமே கூடாது என்று நினைப்போர் நம்மிடையே உண்டு. அது தவறான எண்ணம். மெலிய வைத்துப் பயிற்சியளித்த குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், பயிற்சியற்றவற்றை ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் நபி (ஸல்) அவர்கள் ஓடவிட்டார்கள். இளைஞராயிருந்த இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் கலந்துகொண்டார்கள். முந்தைய தூரம் ஐந்து அல்லது ஆறு மைல், பிந்தையது ஒரு மைல் என்ற விளக்கமும் புகாரியில் உள்ளது. பயிற்சி பெற்றதையும் பெறாததையும் ஒரே தூரத்தில் ஓடவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பரிசும் கூடும். அம்பெய்தல், ஒட்டகம், குதிரை ஆகியவற்றில் பரிசுக்கு அனுமதி உண்டு. பரிசை ஆட்சியாளரோ வெளியார் ஒருவரோ கொடுக்கலாம். போட்டியாளர்களுள் ஒருவர் மட்டும் வைப்பதும் ஆகும். இருவரும் ஆளுக்கொரு தொகை வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொண்டால் அது சூது. பணம் வைக்காத மூன்றாவது போட்டியாளர் ஒருவர் உண்மையான வெற்றி வாய்ப்போடு சேர்ந்தால் கூடும் என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. ஆக, ஃபிக்ஹு கேட்கும் கேள்வி ஒன்றே: யாருடைய பணம் யாரிடம் போகிறது?

நம் நாட்டு நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி வேறு. சென்னை கிண்டியில் 1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்ததாகச் சொல்வர். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. 1974இல் தமிழக அரசு பந்தயத்தையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. குதிரையின் வளர்ப்பும் பயிற்சியும் ஜாக்கியின் திறமையும் வெற்றியைத் தீர்மானிப்பதால் இது திறன் விளையாட்டு, சூதாட்டம் அன்று என 1996இல் தீர்ப்பு வந்தது. குதிரையைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் ரேஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு டோட்டில் பணம் கட்டுபவருக்கு எந்தக் குதிரை சொந்தம்? தோற்றவர்கள் கட்டியதெல்லாம் ஒரு குவியலாகச் சேர்கிறது. கிளப்பின் பங்கும் வரியும் போக மீதி, வென்ற குதிரையின்மேல் கட்டியவர்களிடையே பிரிக்கப்படுகிறது. அவர்கள் எவ்வளவு படித்துத் தேர்ந்தெடுத்திருந்தாலும் பணம் வந்த வழி மாறிவிடுமா?

பின்னாளில் இணைய ரம்மி நிறுவனங்கள் நீதிமன்றத்தில் தமக்குத் துணையாகக் கொண்டதும் இத்தீர்ப்பைத்தான். அந்தத் தொழில் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதைத் தமிழக மக்கள் அறிவார்கள். 2025இல் நாடாளுமன்றம் இணையப் பணவிளையாட்டுகளைத் தடைசெய்தபோது, திறனா அதிர்ஷ்டமா என்ற பாகுபாட்டையே சட்டத்தில் விட்டுவிட்டது. கிண்டித் திடலின் 160 ஏக்கரையோ அதற்கு முன்பே, 2024 செப்டம்பரில், அரசு கையகப்படுத்தியிருந்தது. அதற்குச் சொன்ன காரணம் சூதன்று, வாடகை பாக்கி.

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளும் ஓடும் எல்கைப் பந்தயங்கள் நடக்கின்றன. நம் பிள்ளைகள் கேட்பது இதைப் பற்றித்தான். கோயில் திருவிழாவையொட்டி நடப்பவற்றில் கலந்துகொள்வது தனியொரு கேள்வி. அதை இங்கே எடுக்கவில்லை. மற்றவற்றில், ஊர்க் கமிட்டியோ கொடையாளரோ பரிசளித்தால் ஓட்டுவதற்குத் தடையில்லை. சாலையோரம் நின்று வண்டியின்மேல் பணம் கட்டுவது ஹராம். சிக்கல் நுழைவுக் கட்டணத்தில் இருக்கிறது. அது பந்தல், ஒலிபெருக்கி, தண்ணீர்ச் செலவுக்குப் போனால் ஒரு தீர்ப்பு. வண்டிக்காரர்களிடம் வசூலித்த அந்தத் தொகையே முதல் பரிசாக மாறினால் வேறு தீர்ப்பு. ஆகவே பெயர் பதிவதற்கு முன், பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கமிட்டியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லி அனுப்புகிறோம்.