மும்மொழிக் காதற்பாணர் சயத் நோவா

காதற் பாட்டுக்கும் சமுதாய வரலாற்றுக்கும் தொடர்பில்லை என்று கருதுவோர் நம்மிடையே இரு திறத்தினர். காதல் என்றுமுள்ள உணர்ச்சி, அதற்குக் காலமும் களமும் வேண்டுவதில்லை என்பர் ஒரு சாரார். போராட்டத்தைப் பாடாத பாட்டு வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களும் குறையுடையன என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலே கோக்கசஸ் மலைநாட்டில் வாழ்ந்த சயத் நோவா என்னும் பாணரின் வரலாறு தக்க சான்றாகும்.

அவருடைய இயற்பெயர் ஹருத்தியுன் சயத்தியன். இனத்தால் ஆர்மீனியர். பிறந்த ஆண்டு 1712 என்பது பெருவழக்கு. 1722 என்பாரும் உளர். பிறப்பிடம், ஜோர்ஜிய மன்னர்களின் தலைநகராயிருந்ததும் இன்று திபிலிசி எனப்படுவதுமான திப்லிஸ் நகரம் என்பர். தந்தையார் ஒத்தோமான் ஆட்சிப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர். மகன் இளமையிலே நெசவுத் தொழில் பயின்றார். அரண்மனையிலோ மடத்திலோ அன்றித் தறியடியிலே தொடங்கியது இக்கவிஞரின் வாழ்க்கை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

அந்நகரின் அமைப்பைச் சற்று நோக்குவோம். பாரசீகம், ஒத்தோமான் பேரரசு, இரஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளின் வணிகப் பாதைகள் கூடுமிடம் அது. அரசரும் பிரபுக்களும் ஜோர்ஜியர். வணிகரிலும் கைவினைஞரிலும் பெரும்பாலோர் ஆர்மீனியர். சந்தையிலோ, இன்று அசர்பைஜானியம் எனப்படும் துருக்கிய மொழி பல இனத்தாருக்கும் பொதுமொழியாய் வழங்கிற்று. எனவே திப்லிஸ் நகரத்து நெசவாளன் மும்மொழி அறிந்திருந்தமை கல்விப் பெருமையன்று, பிழைப்பின் தேவை. நூல் வாங்கியது ஒரு மொழியில். துணி விற்றது பிறிதொரு மொழியில். வழிபட்டது மற்றுமொரு மொழியில்.

இச்சூழலிலே செழித்த பாணர் மரபினரை ஆர்மீனியர் ‘அஷுக்’ என அழைப்பர். காதலன் எனப் பொருள்படும் அரபுச் சொல்லினின்றும் பிறந்தது அப்பெயர். காதலிப்போனும் பாடுவோனும் ஒருவனே என்ற கருத்து அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் செல்வர் மனைகளிலும் இவர்கள் பாடினர். ஒருவரோடொருவர் போட்டியிட்டும் பாடினர். நம் கீர்த்தனைகளிலே முத்திரை வருவதுபோலப் பாட்டின் இறுதியிலே தம் பெயரைப் பொறித்தனர். சயத் நோவா என்பது அவ்வாறு பொறிக்கப்பட்ட பெயரே. வில்லால் மீட்டப்படும் கமஞ்சா என்னும் நரம்புக் கருவியில் அவர் வல்லவர். அதனைப் போற்றியே ஒரு பாட்டும் இயற்றினார்.

அவர் பெயரால் வழங்கும் பாட்டுக்கள் ஏறத்தாழ 220. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை துருக்கிய மொழியில் அமைந்தவை. 60க்கு மேற்பட்டவை ஆர்மீனியத்தில் உள்ளன. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை ஜோர்ஜியத்தில் உள்ளன. துருக்கிய மொழிப் பாட்டுக்களை அவர் ஆர்மீனிய எழுத்திலும் ஜோர்ஜிய எழுத்திலும் தம் ஏட்டிலே எழுதி வைத்தார். எழுத்து ஓரினத்தது, மொழி மற்றோரினத்தது, உணர்ச்சி எல்லோர்க்கும் உரியது என்பதை அவ்வேடு காட்டுகின்றது. மேலும், ஆர்மீனியப் பாட்டுக்களைத் திருச்சபையார் போற்றிய பழைய ஏட்டு மொழியில் அவர் இயற்றவில்லை. திப்லிஸ் நகரத்துப் பேச்சு வழக்கிலே, தெருவிலும் பட்டறையிலும் வழங்கிய சொற்களைக் கொண்டே பாடினார். மொழித்தூய்மை பேசுவோர் இழிவழக்கு என ஒதுக்கக்கூடிய சொற்கள் அவர் கையிலே கவிதையாயின.

அவரது புகழ் மன்னர் இரண்டாம் எரெக்லேயின் அவை வரை எட்டியது. அங்கே அவர் பாணராய் அமர்ந்தார். ஆயின் அவ்வாழ்வு நிலைக்கவில்லை. 1750களின் இறுதியில் அவர் அவையினின்றும் விலக்கப்பட்டார். மன்னரின் சகோதரிமீது அவர் கொண்ட காதலே காரணம் என்பது மரபுக்கதை. இக்கதை உண்மையோ அன்றோ, மக்கள் அதனை நம்பி வளர்த்தமை கருத்தூன்றத் தக்கது. நெசவாளன் ஒருவன் இளவரசியை விரும்பினான், அதற்காகவே துரத்தப்பட்டான் என்று சொல்லிய மக்கள், நிலமானிய சமுதாயத்தின் மதிற்சுவரைத் தம் கற்பனையிலே ஒருமுறை தாண்டிப் பார்த்தனர் எனலாம். அவர் பாட்டுக்களிலே வரும் காதலன் கெஞ்சுவான், புலம்புவான். ஆனால் தன் மதிப்பை விட்டுக்கொடான். குலத்தாலும் செல்வத்தாலும் மனிதனை அளந்த காலத்திலே, அன்பு செலுத்தும் ஆற்றலால் மனிதனை அளக்கக் கோரிய குரல் அது. காதற் பாட்டு அங்கே உரிமைக் கோரிக்கையாகவும் ஒலித்தது.

பின்னர் அவர் ஆர்மீனியத் திருச்சபையிலே தெர் ஸ்தெபானோஸ் என்ற பெயருடன் குருவானார். 1768இல் மனைவி மார்மார் இறந்தபின், ஹக்பாத் மடத்திலே துறவியாய் வாழ்ந்தார். 1795 செப்டெம்பரில் பாரசீகத்து ஆகா முகம்மது கானின் படை திப்லிஸ் நகரைச் சூறையாடியபோது அவர் கொல்லப்பட்டார் என்பது வரலாற்று வழக்கு. அந்நகரத்து ஆர்மீனியப் பெருங்கோவிலாகிய புனித கெவோர்க் தேவாலயத்தில் அவரது நினைவுக்கல் நிற்கின்றது.

அதன்பின் அவர் பாட்டுக்களைக் காத்தவர்கள் ஏனைய பாணரும் எளிய மக்களுமே. 1852இல் கெவோர்க் அக்வெர்தியன் அவரது ஆர்மீனியப் பாட்டுக்களைத் திரட்டி மொஸ்கோவில் வெளியிட்டார். 1914இல் கவிஞர் ஹொவ்ஹன்னஸ் துமன்யனின் முயற்சியால் அவர் நினைவாக ரோசாப்பூ விழா திபிலிசியிலே தொடங்கிற்று. 1916இல் ஆர்மீனியக் கவிதைத் தொகுதியை ரஷ்ய மொழியில் வெளியிட்ட வலேரி பிரியூசொவ் இவரைப் பெருங்கவிஞருள் ஒருவராக மதித்தார். 1963இல் அவரது 250ஆவது ஆண்டு சோவியத் நாட்டிலும் பிறநாடுகளிலும் கொண்டாடப்பட்டது.

ஆயினும் விழா எடுத்தல் வேறு. கலைஞனை விளங்கிக்கொள்ளல் வேறு. திபிலிசியிலே பிறந்த ஆர்மீனியரான செர்கேய் பராஜனொவ், இப்பாணரின் அகவாழ்வைக் காட்சிப் படிமங்களாகத் தீட்டிய திரைப்படத்தை உருவாக்கியபோது, அது வழக்கமான வாழ்க்கை வரலாறாக இல்லை என்று அதிகாரிகள் குறைகண்டனர். படத்திலிருந்து சயத் நோவாவின் பெயர் நீக்கப்பட்டது. ‘மாதுளையின் நிறம்’ என்ற தலைப்புடனேயே அது 1969இல் வெளிவந்தது. முந்திய ஆறாண்டுகளுக்குள் விழா எடுத்த அரசே பின்னர் அப்பெயரை அழித்தது. மக்கள் கலையைப் போற்றுகிறோம் என்னும் நாம் இதனை மறைத்தல் நேர்மையாகாது.

இதனினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. 1988இல் நகோர்னோ கராபாக் பகுதியை முன்னிட்டு ஆர்மீனியருக்கும் அசர்பைஜானியருக்கும் இடையே மூண்ட பகை 1994 வரை போராய் நீடித்தது. 2020இல் மீண்டும் போர் நிகழ்ந்தது. முதற் போரிலே இரு பக்கத்திலும் இலட்சக்கணக்கானோர் வீடிழந்தனர்; பெருந்தொகையினர் அசர்பைஜானியர். 2023 செப்டெம்பரிலே ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட ஆர்மீனியர் கராபாக்கை விட்டு வெளியேறினர். ஆர்மீனியர் தம் பெருங்கவிஞராகக் கொண்டாடும் ஒருவரின் பாட்டுக்களிற் பாதிக்கு மேற்பட்டவை, எதிரியின் மொழி என இன்று அவர்களிற் பலர் கருதும் மொழியிலேயே உள்ளன. அம்மொழியைப் பேசுவோரும் அவரைப் ‘பிற இனத்தான்’ என ஒதுக்கினால் தம் இலக்கியத்தின் ஒரு பகுதியையே இழப்பர்.

பழைய திப்லிஸ் நகரம் ஒரு பொன்னுலகம் என்று நாம் கூறவில்லை. அங்கே பிரபுவும் பண்ணையடிமையும் இருந்தனர். மொழிகளுக்குள்ளும் உயர்வு தாழ்வு இருந்தது. எனினும் உழைப்போரின் அன்றாட வாழ்வு மொழிகளைத் தானாகவே இணைத்தது. அவற்றை வேலியிட்டுப் பிரிக்கும் தேவை அதிகாரத்தை நாடியோர்க்கே பின்னாளில் எழுந்தது.

இலக்கிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் மாணவர்க்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. ‘இக்கவிஞர் எவருடையவர்?’ என்று கேட்பது எளிது. தேர்வுக்கும் அது உதவும். ‘இவர் யார் யாருக்காகப் பாடினார், அவர்கள் ஏன் இவரை மறக்கவில்லை?’ என்று கேட்பதே பயனுடைய வினா. மொழியின் பெயரால் மனிதரைப் பிரிப்போர் எந்நாட்டிலும் உளர். அவர்கள்முன் வைக்கத்தக்க விடைகளுள் ஒன்று, தறியை விட்டெழுந்து மும்மொழியிலே காதலைப் பாடிய இந்நெசவாளரின் ஏடு.