நான்கு நிலையங்கள், நகரும் எல்லை

1998 ஆகஸ்ட் 1 முதல் 2011 ஜூன் 30 வரை, சிங்கப்பூரிலிருந்து ரயிலில் மலேசியாவுக்குப் போன எல்லாரும் ஒரு விநோதமான வரிசையில் நின்றார்கள். தஞ்சோங் பகார் நிலையத்தில் மலேசியக் குடிநுழைவு அதிகாரி அவர்களை மலேசியாவுக்குள் அனுமதிப்பார். பிறகு ரயில் தீவின் தென்முனையிலிருந்து வடமுனைவரை ஊர்ந்து போகும். உட்லண்ட்ஸில் எல்லாரும் மூட்டை முடிச்சோடு இறங்கி, சிங்கப்பூர் அதிகாரியிடம் பாஸ்போர்ட்டை நீட்டி, சிங்கப்பூரை விட்டு வெளியேற வேண்டும். அதாவது முதலில் ஒரு நாட்டுக்குள் நுழைவது, அதன் பிறகு இன்னொரு நாட்டைவிட்டுக் கிளம்புவது. தஞ்சோங் பகாரில் பாஸ்போர்ட்டில் மலேசிய முத்திரை விழாது. பயண அட்டையில் மட்டும் குத்தித் தருவார்கள்.

என் அத்தை இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார். "உள்ள வாங்கன்னு ஒருத்தன் சொல்றான், ஒரு மணி நேரம் கழிச்சி இன்னொருத்தன் போய்ட்டு வாங்கன்னு சொல்றான். நடுவுல நாம யாரு வீட்டுலடா இருந்தோம்?"

அத்தையின் கேள்வியை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லை என்பது வரைபடத்தில் ஒரு கோடு என்றுதான் பள்ளியில் படித்தோம். தீபகற்பத்தின் ரயில் வரலாற்றை வாசிக்க வாசிக்க எனக்கு வேறொன்று தெரிகிறது. எல்லை இருக்கும் இடம், கவுண்டர் இருக்கும் இடம்தான். அந்தக் கவுண்டரை யார், எந்தத் தாளின் பலத்தில், எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பதில்தான் சாதாரண மனிதர்களின் விதி இருந்திருக்கிறது. எல்லையை ஒட்டி நிற்கும் நான்கு நிலையங்களை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

புலாவ் செபாங்/தம்பின்

தெற்கே போகிற ரயில் சிரம்பானைத் தாண்டிய பிறகு ஒரு நிலையத்தில் நிற்கும். அதன் பெயர்ப்பலகையில் இரண்டு ஊர்கள்: புலாவ் செபாங், தம்பின். நிலையம் இருக்கும் புலாவ் செபாங் மலாக்கா மாநிலம். நிலையத்தை நம்பியிருக்கும் தம்பின் பட்டணம் நெகிரி செம்பிலான். பட்டணத்தில் சாமான் வாங்கிக்கொண்டு ரயிலேற வருகிறவர் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு நடந்து வருகிறார். இன்று அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

ஒரு காலத்தில் அது சாதாரண மாநில எல்லை அல்ல. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள். பிரிட்டிஷ் மகுடத்தின் நேரடி ஆட்சியில் இருந்தவை. நெகிரி செம்பிலானோ பேராக், சிலாங்கூர், பகாங் ஆகியவற்றோடு சேர்ந்து 1896இல் அமைந்த கூட்டரசு மலாய் மாநிலங்களில் ஒன்று. அங்கே ஆட்சியாளர்கள் இருந்தார்கள், பிரிட்டிஷார் 'ஆலோசனை' சொன்னார்கள். ரயிலுக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டல்ல. ஈயத்தையும் கித்தா பாலையும் துறைமுகத்துக்குச் சேர்ப்பதுதான் அதன் வேலை. தண்டவாளம் எந்த வழி தோதுப்பட்டதோ அந்த வழியே போனது.

ஆனால் மனிதர்களுக்கு வித்தியாசம் இருந்தது. மலாக்கா மண்ணில் பிறந்த குழந்தை, பிறந்த இடத்தாலேயே பிரிட்டிஷ் பிரஜை. சற்றுத் தள்ளி, நெகிரி செம்பிலான் பக்கத்து லயத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த மண் அந்த உரிமையைத் தரவில்லை. 1948இல் மலாயாக் கூட்டரசு அமைந்தபோது இந்தக் கோட்டின் எடை கூடியது. மலாக்காவிலோ பினாங்கிலோ பிறந்து அங்கேயே நிரந்தரமாக வசித்த பிரிட்டிஷ் பிரஜைக்குக் குடியுரிமை தானாகக் கிடைத்தது. மலாய் மாநிலங்களில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குப் பிறந்த இடம் மட்டும் போதவில்லை. பெற்றோர் எங்கே பிறந்தார்கள், எத்தனை ஆண்டு தொடர்ந்து இருந்தார்கள் என்ற கேள்விகளும் சேர்ந்தன. தோட்டத்தில் யாரிடம் அந்தத் தாளெல்லாம் இருந்தது? "சடக்குக்கு அந்தப் பக்கம் பொறந்திருந்தா இவ்வளவு அலைச்சல் இல்லடா" என்று ஒரு பெரியவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன தூரம், சாயங்காலம் நடந்து போய்ப் பிரட்டு வாங்கி வரக்கூடிய தூரம்.

கிம்மாஸ்

அடுத்த நிலையம் இன்னும் தெற்கே. கிழக்குக்கரைப் பாதையும் மேற்குக்கரைப் பாதையும் பிரியும் சந்திப்பு கிம்மாஸ். நிலையம் நெகிரி செம்பிலானில் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் கிம்மாஸ் பாரு ஜொகூரைச் சேர்ந்தது. ஜொகூர் அந்தக் கூட்டரசில் சேராமல் தனியாக நின்ற மாநிலம். அதன் வழியே ரயில் போட ஒப்பந்தம் தேவைப்பட்டது. 1909இல் கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாருவரை பாதை திறந்தது. அதன் பிறகு பினாங்குக்கு எதிரே இருக்கும் பிறையில் ரயிலேறினால் ஜொகூர் நீரிணைவரை இறங்காமல் வரலாம்.

இந்தப் பாதைகளின் ஓரத்தில்தான் நம் ஆட்கள் இருந்தார்கள். தண்டவாளம் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். நிலைய அதிகாரிகளிலும் கிராணிகளிலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிறைய. ஒருவர் கையில் கடப்பாரை, இன்னொருவர் கையில் பச்சைக் கொடி. இருவரும் பேசியது தமிழ் என்றாலும் இருவருக்கும் இடையிலும் ஓர் எல்லை இருந்தது. அது எந்த வரைபடத்திலும் இல்லை.

பிறகு ஜப்பானியர் காலம். கிம்மாஸிலிருந்து வடகிழக்கே போன பாதையின் பெரும்பகுதியை ஜப்பானியர்கள் பிடுங்கினார்கள். தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குப் போன கிளைப் பாதையும் பிடுங்கப்பட்டது. அந்த இரும்பு சயாம் - பர்மா ரயில்பாதைக்குப் போனது. மலாக்கா நகருக்கு இன்றுவரை ரயில் திரும்ப வரவில்லை.

பாடாங் பெசார்

இரும்போடு மனிதர்களும் போனார்கள். தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்கு ஏற்றப்பட்ட ஆயிரமாயிரம் தமிழர்களின் கதை நமக்குத் தெரியும். மேற்குக்கரைப் பாதையில் வடக்கே போன அந்த ரயில்கள் பாடாங் பெசாரைத் தாண்டித்தான் சயாமுக்குள் நுழைந்தன. அவர்களிடம் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. எல்லையில் தடையில்லாமல் கடந்துபோவது எப்போதும் சுதந்திரம் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகக் கொடுமையான உதாரணம் இதுதான்.

பெர்லிஸ் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் இந்த நிலையத்தின் எல்லையும் ஆடியிருக்கிறது. 1909வரை பெர்லிஸ், கெடா, கிளந்தான், திரெங்கானு நான்கும் சயாமின் மேலாட்சியில் இருந்தன. அந்த ஆண்டின் ஆங்கில - சயாமிய ஒப்பந்தம் அவற்றை பிரிட்டிஷார் பக்கம் மாற்றியது. 1918இல் இரண்டு நாட்டுத் தண்டவாளங்களும் இங்கே இணைந்தன. 1943இல் ஜப்பான் அந்த நான்கு மாநிலங்களையும் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. போர் முடியும்வரை பாடாங் பெசார் எல்லையிலேயே இல்லை. எல்லை கெடாவின் தெற்கே போய்விட்டது. 1945இல் மீண்டும் வந்து நிலையத்தின் பக்கத்தில் நின்றுகொண்டது. இத்தனைக்கும் நடைமேடை ஓர் அங்குலம் நகரவில்லை.

இன்று அங்கே மலேசிய, தாய்லாந்துக் குடிநுழைவுச் சோதனை இரண்டும் மலேசியப் பக்கத்து நிலையத்திலேயே நடக்கின்றன. வடக்கே போகிறவர் ஒரு கவுண்டரில் மலேசியாவை விட்டுக் கிளம்பி, சில எட்டு நடந்து, அடுத்த கவுண்டரில் தாய்லாந்துக்குள் நுழைந்து, கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிக்கொள்கிறார். தாய்லாந்து அதிகாரி மலேசிய மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு அரசுகளும் ஒத்துக்கொண்டதால் யாருக்கும் உறுத்தவில்லை.

தஞ்சோங் பகார்

அப்படியானால் தஞ்சோங் பகாரில் மட்டும் ஏன் உறுத்தியது? அதற்கு 1918க்குப் போக வேண்டும்.

சிங்கப்பூரின் முதல் ரயில்பாதை 1903இல் திறந்தது. நீரிணைக் குடியேற்ற அரசு அதைக் கட்டியது. 1918இல் ஒரு சட்டத்தின் மூலம் அந்தப் பாதையும் நிலமும் கூட்டரசு மலாய் மாநிலங்களின் அரசுக்கு விற்கப்பட்டன. நிலத்தில் பெரும்பகுதிக்குக் குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். அன்றைக்கு அது ஒரே எஜமானின் இரண்டு பைகளுக்கு இடையே நடந்த கொடுக்கல் வாங்கல். 999 என்று எழுதியவர்கள் யாரும் நடுவில் ஒரு நாட்டெல்லை முளைக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

1923இல் ஜொகூர் பாலத்தின் மீது ரயில் ஓடத் தொடங்கியது. 1932 மே மாதம் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. அதே 1932ஐ ஒட்டி ரயில்வேயில் வேலை செய்த தமிழர்கள் குவீன்ஸ்வே அருகே முனியாண்டிக்கு ஒரு சின்னக் கோயில் எழுப்பினார்கள். இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலின் தொடக்கம் அதுதான். எனக்கு இந்த இடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. நம் கிராமங்களில் முனி ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வம், எல்லைச்சாமி. அங்கே எல்லை என்றால் உள்ளே இருப்பவர்களுக்குக் காவல் என்று பொருள். கப்பலேறி வந்தவர்கள் அந்தப் பொருளைத்தான் தண்டவாள ஓரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அரசாங்கங்கள் பின்னால் கொண்டுவந்து வைத்த எல்லைக்கு அர்த்தமே வேறு.

1965 ஆகஸ்ட் 9இல் சிங்கப்பூர் பிரிந்தது. 1967இல் இரு பக்கப் போக்குவரத்துக்கும் குடிநுழைவுச் சோதனை வந்துவிட்டது. ஜொகூர் பாருவில் அண்ணன், புக்கிட் தீமாவில் தம்பி என்று இருந்த குடும்பங்களுக்கு, தீபாவளிக்குப் போய் வருவதுகூட வெளிநாட்டுப் பயணம் ஆனது. ஆனால் 1918இன் தாள் செத்துப்போகவில்லை. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ்வரை சுமார் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு, மெல்லிய நாடா போல, ரயில் நிலம் மலேசியாவின் கையில் இருந்தது. தீவு சிங்கப்பூரின் இறையாண்மையில். நாடா மலேசிய ரயில்வேயின் உடைமையில். இரு நாட்டுக் கவுண்டர்களும் தஞ்சோங் பகாரில் அடுத்தடுத்து இருந்தவரை இது யாரையும் அதிகம் இடறவில்லை.

1990 நவம்பரில் லீ குவான் இயூவும் டைம் சைனுடினும் நிலையத்தை இடம் மாற்றுவதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எப்போது, எந்த நிபந்தனையில் அது அமலுக்கு வருகிறது என்பதில் இரு தரப்பும் இருபது ஆண்டு மல்லுக்கட்டின. அந்த மல்லுக்கட்டின் நடுவில்தான் 1998இல் சிங்கப்பூர் தன் கவுண்டரை உட்லண்ட்ஸுக்கு, அதாவது கோட்டின் பக்கத்துக்கு, நகர்த்தியது. மலேசியா நகர மறுத்தது. இரண்டு கவுண்டர்களுக்கும் நடுவில் ஒரு தீவின் நீளம் விழுந்தது. அத்தை கேட்ட கேள்வி பிறந்தது அங்கேதான்.

2010 மே மாதம் நஜிப்பும் லீ சியன் லூங்கும் முடிவுக்கு வந்தார்கள். 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் இஸ்மாயிலே ஓட்டிச் சென்றார். அவருடைய கொள்ளுத்தாத்தா சுல்தான் இப்ராஹிம் காலத்தில்தான் பாலம் கட்டப்பட்டது. ஸ்பூனர் சாலைக் குடியிருப்பில் இருந்த மலேசிய ரயில்வே ஊழியர் குடும்பங்கள் அங்கிருந்து கிளம்ப வேண்டியிருந்தது. நிலத்துக்கு மாற்றாக மரினா சவுத்திலும் ஒஃபியர் - ரோச்சோரிலும் மனைகள் கிடைத்தன. இரு நாட்டு அரசு நிறுவனங்களும் 60க்கு 40 என்ற பங்கில் அங்கே வானுயரக் கட்டடங்களை எழுப்பின. குடியிருப்பைக் காலி செய்தவர்களின் கணக்கு அந்தப் பங்கில் வராது.

இப்போது நான் ஜொகூர் பாருவில் இருக்கிறேன். புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையில் புது ரயில்பாதை வருகிறது. நான்கு கிலோமீட்டர், ஐந்து நிமிடப் பயணம். ஏறும் இடத்திலேயே இரு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும். பாடாங் பெசாரில் எத்தனையோ காலமாக நடப்பதுதான். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலத்தில் வரிசை நிற்கும் நம் பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி. கவுண்டரை எங்கே வைப்பது என்று இரண்டு அரசுகள் ஒத்துப்போனால் எல்லை ஐந்து நிமிடத்துக்குச் சுருங்கும். ஒத்துப்போகாவிட்டால் 24 கிலோமீட்டருக்கு நீளும். சட்டம் வேறு மாதிரி எழுதினால், ஒரு சடக்கின் அகலமே ஒரு தலைமுறையைத் தாளுக்காக அலைய வைக்கும்.

தஞ்சோங் பகார் நிலையக் கட்டடம் இன்று சிங்கப்பூரின் தேசிய நினைவுச்சின்னம். அதன் முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள் இருக்கின்றன: வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. சேர்த்து வாசித்தால் எஃப் எம் எஸ் ஆர், கூட்டரசு மலாய் மாநிலங்களின் ரயில்வே. அந்தக் கூட்டரசில் சிங்கப்பூர் ஒருநாளும் இருந்ததில்லை. சிங்கப்பூரோடு அதற்கு எல்லைகூடக் கிடையாது, நடுவில் ஜொகூர் இருந்தது. அந்த நாடும் இப்போது இல்லை. 999 ஆண்டுக் குத்தகையில் இன்னும் 900க்கு மேல் பாக்கியிருந்தபோதே கணக்கு முடிக்கப்பட்டுவிட்டது. எழுத்துகள் மட்டும் கல்லில் இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் நிமிர்ந்து பாருங்கள்.